கவுண்டிப் படம் வரையும் தம்பிக்கு



அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற ஒரு கவுண்டியின் திட்ட அலுவலகத்தில், நில உபயோகப் படங்கள் தயாரிக்கும் பிரிவில் உத்தியோகம் ஏற்றுக்கொண்டதாகவும், சேர்ந்த நாள் முதல் திரைக்கு முன் உட்கார்ந்து மனை மனையாக மஞ்சளும் சிவப்பும் பூசிக்கொண்டிருப்பதே வேலையாக இருப்பதாகவும், இதற்காகவா இத்தனை வருஷம் படித்தோம் என்று சில வேளை தோன்றுவதாகவும் எழுதிய உன் கடிதம் கிடைத்தது. எந்த மென்பொருளை இன்னும் நன்றாகப் பழக வேண்டும் என்றும், இரண்டு மண்டலங்களின் நடுவே அகப்பட்ட மனைக்கு எந்த வர்ணம் பூசுவது என்றும் கேட்டிருக்கிறாய். முதற் கேள்விக்குப் பக்கத்து மேஜைக்காரரே பதில் சொல்லிவிடுவார். அவர் சொல்லும் பதிலும் பத்து வருஷத்தில் பழசாகிப் போகும். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்பு அந்த மஞ்சளையும் சிவப்பையும் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

உன் அலுவலகத்தில் இரண்டு படங்கள் இருக்கும். ஒன்று நில உபயோகப் படம். மற்றொன்று ஜோனிங் படம், அதாவது மண்டலப் படம். வீடு மஞ்சள், வியாபாரம் சிவப்பு, தொழிற்சாலை ஊதா என்ற சம்பிரதாயம் இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துவிடுவார்கள். அலுவலகத்துக்கு உள்ளே இருப்பவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. ஆனால் முதற் படம் சாட்சியம். இன்றைய தேதியில் இந்த இடத்தில் இன்னது நடக்கிறது என்று சொல்வதோடு அதன் அதிகாரம் முடிந்துவிடுகிறது. இரண்டாவது படம் சட்டம். இந்த இடத்தில் இன்னது நடக்கலாம், இன்னது கூடாது என்று ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை கைதூக்கி நிறைவேற்றிய கட்டளை. அந்தக் காலத்தில் கிராமத்துச் சாகுபடிக் கணக்கான அடங்கலை எழுதிய கர்ணம், செட்டில்மெண்ட் பதிவேட்டில் நஞ்சை என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, வரப்பில் கால் வைக்காமலேயே நெல் என்று எழுதி வைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ, ஜோனிங் படத்தைப் பார்த்து உபயோகப் படத்தை நிரப்புகிறவன் கையாலும் அதுவே நேரும். உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்திமதி அநேகமாக இவ்வளவுதான்; மற்றதெல்லாம் இதன் வியாக்கியானம்.

ஆகாயத்திலிருந்து எடுத்த படங்கள் இப்போது தாராளமாகக் கிடைப்பதால், வெளியே போகாமலே வேலையை முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை ஒன்று பரவியிருக்கிறது. ஆகாயப் படம் காட்டுவது நிலத்தின் மேற்போர்வையை. புல், மரம், கூரை, தார் இவை தெரியும். அந்தக் கூரையின் கீழ் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெரியாது. ஜேம்ஸ் ஆண்டர்சனும் அவருடைய சகாக்களும் 1976-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைக்காக வகுத்துக் கொடுத்த வகைப்பாட்டில் முதற்படியில் ஒன்பதே பிரிவுகள். நூற்றுக்கு 85 சரியாக இருந்தால் போதும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட குறைந்தபட்ச அளவு. ஒரு தேசத்தின் காடு கழனிகளைக் கணக்கெடுப்பவர்களுக்கு அது நியாயமான அளவுதான். ஆனால் கவுண்டிப் படத்தில், அந்தப் பாக்கிப் பதினைந்தில் ஒருவருடைய ஒரே மனை அகப்பட்டுக்கொண்டால், அவருக்கு அந்தப் படம் நூற்றுக்கு நூறு பொய்.

ஆகையால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போ. கிராமச் சாலையோரம் ஒரு வீடு. முன்னால் ஒரே தபால் பெட்டி, முற்றத்தில் ஊஞ்சல், பதிவேட்டில் தனிக்குடும்ப வீடு. வண்டியை நிறுத்திப் பக்கச் சுவரைப் பார்த்தாயானால் அங்கே மூன்று மின்சார மீட்டர்கள் இருக்கும். நிலவறையிலும் மாடியிலும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது. இன்னும் சற்றுத் தள்ளி ஒரு பண்ணைக் கொட்டகை. ஆகாயத்திலிருந்து பார்த்தால் வைக்கோல் சேர்க்கும் கொட்டகையேதான். ஆனால் வாசலில் சரளைக்கல் கொட்டிப் பரப்பியிருக்கிறது, கனத்த லாரிகளின் சக்கரத் தடம் ஆழப் பதிந்திருக்கிறது, மூலையில் மரப்பட்டைத் தூளும் கற்பலகைகளும் குவிந்திருக்கின்றன. அது தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒப்பந்தக்காரருடைய கிடங்கு. அமெரிக்கத் திட்டக்காரர் சங்கத்தின் வகைப்பாடு, நடக்கும் செயல், தொழில், கட்டடம், மனையின் நிலை, உரிமை என்று ஐந்து வகையாக ஒரே நிலத்தைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். கட்டடத்தில் அது கொட்டகை, தொழிலில் கிடங்கு, உரிமையில் விவசாயி ஒருவருடைய சொத்து. ஒற்றைச் சொல்லால் அதை முடித்துவிட நினைத்தால் எந்தச் சொல்லை எடுத்தாலும் ஏதோ ஒரு உண்மை விடுபட்டுப்போகும்.

கண்டதை எழுதிக்கொள்ளும்போது, அது சட்டத்துக்கு விரோதமாயிற்றே என்று தயங்காதே. அந்தக் கவலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறே இருக்கிறார்கள். அன்றியும், விரோதம் என்று நீ நினைத்தது விரோதமாக இல்லாமலும் போகலாம். மண்டலம் வகுக்கப்படுவதற்கு முன்பே அங்கே நடந்துவந்த கடைக்கும் பட்டறைக்கும், பின்னால் வந்த சட்டத்தையும் மீறித் தொடர்ந்து நடக்கும் பாத்தியதை உண்டு. அந்த உபயோகம் அத்தனை காலத்துக்கு முன்பே இருந்தது என்று ரூபிக்க வேண்டி வரும் நாளில், பழைய புகைப்படங்களோடு, உன்னைப்போல் ஒருவர் எப்போதோ தேதியிட்டு வைத்துவிட்டுப்போன உபயோகப் படத்தைத்தான் தேடுவார்கள்.

ஜோனிங் படத்தின் பலம் எத்தகையது என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும். கிளீவ்லாண்டு நகரத்துக்குப் பக்கத்திலுள்ள யூக்ளிட் என்ற சிற்றூர், தன் எல்லைக்குட்பட்ட நிலத்தையெல்லாம் உபயோகத்தால் ஆறு வகுப்பாகப் பிரித்தபோது, அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் கம்பெனி, தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர் போகும் நிலம் குடியிருப்பு என்று குறித்துவிட்டதால் 2,500 டாலருக்கு இறங்கிவிட்டது என்று வழக்காடியது. 1926-ல் உச்ச நீதிமன்றம் ஊருக்கே அனுகூலமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. மண் மாறவில்லை, வேலி மாறவில்லை. வர்ணம் மாறியதில் மதிப்பில் முக்கால் பங்கு போயிற்று என்பது கம்பெனியின் பிரலாபம். இப்படிப்பட்ட அதிகாரத்தைப் பொது நலத்துக்கு உபயோகித்தவர்களும் உண்டு. துர்நோக்கத்துக்கு உபயோகித்தவர்களும் உண்டு. உன் மாநிலத்துப் பால்டிமோர் நகரமே 1910-ல் கறுப்பர் வாழும் தெரு இது, வெள்ளையர் வாழும் தெரு இது என்று சட்டமிட்டுப் பிரித்து, மற்ற நகரங்களுக்கு வழிகாட்டியாயிற்று. 1917-ல் லூயிவில் நகரத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. ஆனால் மனையின் குறைந்தபட்ச அளவைப் பெரிதாக வைத்துவிட்டால், எவரையும் பெயர் சொல்லி விலக்காமலே ஏழைகளை விலக்கிவிடலாம் என்பதை ஊர்கள் கற்றுக்கொள்ள அதிக காலம் பிடிக்கவில்லை. குறைந்தபட்ச மனை இவ்வளவு என்ற எண்ணை ஒரு படத்தில் காணும்போதெல்லாம், அந்த எண் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஒரு கணம் யோசித்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நல்ல நோக்கத்துக்கு உதாரணம் தேடித் தூரதேசம் போக வேண்டாம். மான்ட்கோமரி கவுண்டியைப் பார். வாஷிங்டன் நகரம் வடமேற்கே பரவிக்கொண்டு வந்த காலத்தில், 1964-ம் வருஷத்துப் பொதுத் திட்டம், பெருஞ்சாலைகளை ஒட்டிய பாதைகளில் ஊர்கள் வளரட்டும், இடையிலுள்ள ஆப்பு வடிவ நிலங்கள் பசுமையாகவே இருக்கட்டும் என்று அழகாக வரைந்து வைத்தது. வரைந்துவிட்டால் ஆயிற்றா? அந்தப் பசுமையைக் காப்பதற்கென்று 1970-களில் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதித்தார்கள். காகிதத்தில் அது பெரிய கட்டுப்பாடாகத்தான் தோன்றியது. நடந்தது வேறு. ஐந்து ஏக்கர் என்பது ஒரு பணக்காரருக்கு விஸ்தாரமான வாசல் புல்தரை. ஒரு விவசாயிக்கோ உழுவதற்குப் போதாத துண்டு. கழனிகள் துண்டு துண்டாகிப் போவதைப் பார்த்த பிறகு, 1980-ல் ஏறத்தாழ 93,000 ஏக்கரை, அதாவது கவுண்டியில் மூன்றில் ஒரு பங்கை, விவசாயக் காப்புப் பிரதேசம் ஆக்கி, 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று நிர்ணயித்தார்கள்.

அவர்களுடைய சாமர்த்தியம் அதற்கு அடுத்த ஏற்பாட்டில் இருக்கிறது. நிலக்காரர் இழந்ததற்கு ஈடாக, ஐந்து ஏக்கருக்கு ஒன்று வீதம் வீடு கட்டும் உரிமையை அவருக்குக் கொடுத்து, அதை விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். நூறு ஏக்கர் உள்ளவருக்கு இருபது உரிமைகள். நிலத்தில் கட்டக்கூடியதோ நான்கே வீடுகள். அந்த நான்குக்கும் நான்கை வைத்துக்கொண்டு மீதிப் பதினாறையும், நகரப் பக்கத்தில் அதிக வீடு கட்ட விரும்பும் கட்டடக்காரருக்கு அவர் விற்கலாம். விற்ற அளவுக்கு நிலத்தின் மேல் நிரந்தரக் கட்டுப்பாடு பத்திரத்தில் ஏறிவிடும். இங்கே குறைத்தது அங்கே கூடுகிறது. பணம் அங்கிருந்து இங்கே வருகிறது.

இதில் படக்காரனுக்கு உரிய பாடம் 1987-ல் வந்தது. உரிமைகளைப் பெற்றுக்கொள்ளும் பக்கத்து நிலங்களில் எத்தனை வீடு கூடுதலாகக் கட்டலாம் என்பதைத் திட்டப் படத்தில் குறித்திருந்தார்களே தவிர, ஜோனிங் சட்டத்தில் எழுதவில்லை. பக்கத்துக் குடியிருப்பு வாசிகளின் சங்கம் வழக்குத் தொடுத்தது. மாநிலத்தின் உயர்ந்த நியாயஸ்தலம், அடர்த்தியை நிர்ணயிப்பது சட்டமியற்றும் சபையின் காரியம், திட்டத்தின் காரியமன்று என்று சொல்லிவிட்டது. பிறகு சட்டத்தைத் திருத்தி ஏற்பாட்டைக் காப்பாற்றினார்கள். முன்பு சொன்ன சாட்சியமும் சட்டமும் போக, சங்கற்பமாகிய இந்தத் திட்டப் படம் மூன்றாவது. இந்த மூன்று படங்களையும் தனித்தனியே வைத்துக்கொள் என்று நான் வற்புறுத்துவது வெறும் சாஸ்திரக் கறார் என்று நினைத்துவிடாதே; ஒரு கவுண்டியின் மிகச் சிறந்த யோசனையே அந்த வேறுபாட்டில் இடறி விழப் பார்த்தது.

இன்னொன்று. உன் படத்தின் குறிவிளக்கத்தை எடுத்துப் பார். அதில் ‘காலியிடமும் விவசாயமும்’ என்று ஒரே கட்டம் இருக்கிறதா? பல கவுண்டிகளில் இருந்தது. இன்னும் சிலவற்றில் இருக்கக்கூடும். சோளமும் சோயாவும் விளைந்து, மாடு மேய்ந்து, ஒரு குடும்பம் தலைமுறையாகப் பிழைத்துவரும் நிலத்தை, வீடு வருவதற்காகக் காத்துக் கிடக்கும் பொட்டலோடு சேர்த்து வெளிறிய ஒரே நிறத்தில் பூசிவைத்தால், சபையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பவர்களின் கண்ணுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் படும். ஒன்றும் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம் என்று தோன்றுவதும் இயற்கைதான். அப்படியே, சுதந்திரம் பெற்ற அடிமைகள் உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் நிலம் வாங்கிக் குடியேறிய ஷுகர்லாண்ட், ஸ்காட்லாண்ட் போன்ற சிறு குடியிருப்புகள் மான்ட்கோமரி கவுண்டியில் உண்டு. ஸ்காட்லாண்டுக்கு 1960-களிலும் குழாய்த் தண்ணீர் இல்லை, சாக்கடை வசதி இல்லை. ஒரு தேவாலயமும் சில வீடுகளும் கொண்ட இத்தகைய ஊரை, படத்தின் அளவுக்குச் சிறிது என்று சொல்லிச் சுற்றியுள்ள பெரிய நிறத்தில் கரைத்துவிடும் வசதி எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. அதை உபயோகிப்பதற்கு முன்பு எது கரைகிறது என்று பார்த்துக்கொள்.

கோடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய அரசாங்கப் படங்கள் 1:24,000 அளவில் வரையப்பட்டவை. தேசிய நியமப்படி, சோதித்துப் பார்த்த புள்ளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு, நாற்பது அடிக்குள் சரியாக இருந்தால் அவை நல்ல படங்கள். அந்தப் படத்திலிருந்து எடுத்த ஓடைக் கோட்டை இன்றைய மனைப் படத்தின்மேல் வைத்துப் பெரிதாக்கினால், கோடு சமையலறையின் நடுவே போவது போலத் தெரியும். திரை எவ்வளவு பெரிதாக்கினாலும் அந்த நாற்பது அடி சந்தேகம் கூடவே வரும். மேரிலாந்து பழைய காலனியாதலால், மேற்கத்திய மாநிலங்களைப் போல் சதுரம் சதுரமாக அளக்கப்பட்டதன்று. இன்ன கல்லிலிருந்து இன்ன திசையில் இத்தனை தூரம் என்று பத்திரங்கள் போகின்றன. கல்லும் மரமும் போய்விட்ட இடங்களில் சர்வேயரைத் தேடு, நீயாக நேர்செய்யாதே.

உன் மாநிலத்தில் தனியொரு மனையின் மண்டலத்தை மாற்றக் கேட்பவர், அக்கம்பக்கத்தின் தன்மை வெகுவாக மாறிவிட்டது என்றோ, மூலப் படத்தை ஏற்ற நாளில் சபை தவறு செய்துவிட்டது என்றோ ரூபிக்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அந்தத் தவறு என்பது பெரும்பாலும், அன்றைக்கு இருந்த உண்மை ஒன்று சபையின் கண்ணில் படாமற்போனதுதான். அதைக் கண்ணில் படும்படி வைப்பது யாருடைய வேலை என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் ஒவ்வொரு மனையின் பதிவிலும், எந்தத் தேதியில் பார்த்தாய், சாலையிலிருந்து பார்த்தாயா, ஆகாயப் படத்தில் பார்த்தாயா, வரிப் பதிவேட்டிலிருந்து அப்படியே எடுத்தாயா என்பதைக் குறித்து வை. மேலதிகாரிகள் இதற்கு நேரமில்லை என்பார்கள். தேதிக்கும் மூலத்துக்கும் இரண்டு பத்திகள் சேர்க்கிற நேரந்தான்; வாதாடாமல் சேர்த்துவிடு.

பொது விசாரணைக் கூட்டங்களுக்கும் போ, பேச வேண்டிய கட்டாயம் இல்லாத நாட்களிலும் போ. தன் நிலத்தின் படத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வரும் கிழவர், உன் படத்தில் ஓடை தப்பான பக்கத்தில் ஓடுகிறது என்று சொன்னால், அவர் அரசியல் பேசுகிறாரா உண்மை பேசுகிறாரா என்று தீர்மானிப்பதற்கு முன்பு ஒருமுறை அந்த ஓடையைப் போய்ப் பார்த்துவிட்டு வா. சில சமயம் அவர் இரண்டையும் பேசுவார்.

இனி உன்னுடைய இரண்டாவது கேள்வி. மனையில் பெரும் பகுதி எந்த மண்டலத்தில் விழுகிறதோ அந்த வர்ணத்தையே முழுவதுக்கும் பூசிவிடலாம் என்று உன் அலுவலகத்தில் சொல்வதாக எழுதியிருக்கிறாய். உபயோகப் படத்தில் அதைச் செய்தால், ‘பெருமளவு உபயோகத்தின்படி’ என்று குறிப்பெழுதிச் செய்யலாம். ஜோனிங் படத்தில் கூடாது; சபை நிறைவேற்றிய கோடு மனையின் குறுக்கே போகிறதென்றால், அது குறுக்கேதான் போகிறது. கோடு சாலையின் நடுமத்தியைத் தொடர்கிறதா, மனை எல்லையைத் தொடர்கிறதா என்ற சந்தேகம் வந்தால், அதைத் தீர்க்கும் விதி ஜோனிங் சட்டத்திலேயே ஒரு பிரிவாக எழுதப்பட்டிருக்கும், அதை வாசி. அதற்கும் அடங்காவிட்டால், தீர்மானம் நிறைவேறிய நாளில் அதனோடு இணைத்த மூலக் காகிதப் படத்தைப் பதிவறையிலிருந்து எடுத்துத் தரச் சொல்லி, அதன் நகலை அந்த மனையின் கோப்பில் வைத்துவிட்டுப் பிறகு கோட்டைப் போடு.

இப்படிக்கு,
உன் நலம் நாடும் பழைய படக்காரன்