வேலியை அறுக்கும் நொதிகள்



மழைக்காலத்தில் குட்டைகளில் நீந்தும் தலைப்பிரட்டைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் எங்கே போகிறது? அது அறுந்து விழுவதில்லை. உடலோடு கரைந்து மறைகிறது. வாலின் தோலையும் தசையையும் தாங்கி நிற்பது கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் முறுக்கிய முப்புரிக் கயிறு போன்றது அது. நாம் உண்ணும் புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின்கூட முறுக்கு அவிழாத இக்கயிற்றை அறுக்க வல்லதன்று. அப்படியானால் வாலைக் கரைப்பது எது?

1962-ஆம் ஆண்டு ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாப்பியர் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு விடை கண்டனர். தலைப்பிரட்டையின் வால் திசுவைக் கொலாஜன் படலத்தின்மீது வைத்து வளர்த்தபோது, திசுவைச் சுற்றியிருந்த படலம் கரைந்தது. அவ்வேலையைச் செய்த நொதியே கொலாஜனேஸ். இக்குடும்பத்தைச் சேர்ந்த நொதிகள் மனித உடலில் இருபதுக்கும் மேல் உள்ளன. இவற்றை மாட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்றும், சுருக்கமாக எம்.எம்.பி. என்றும் கூறுவர். ஒவ்வொன்றின் செயல் மையத்திலும் ஒரு துத்தநாக அணு உண்டு. புண் ஆறுவதற்கும் எலும்பு வளர்வதற்கும் இவை இன்றியமையாதவை. இத்தகைய நல்ல நொதிகள் பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் கழலைக்கு எவ்வாறு வழி திறந்துவிடுகின்றன என்பதைக் காண்போம்.

சுரப்பியின் இருப்பிடம்

பிட்யூட்டரிச் சுரப்பி பட்டாணி அளவே உள்ளது. எடை ஏறத்தாழ அரை கிராம். தைராய்டு, அட்ரினல், சூலகம் முதலியவற்றை ஆள்வதால் இதனைத் தலைமைச் சுரப்பி என்கிறோம். மூளையின் அடியில், ஸ்பீனாய்டு எலும்பிலுள்ள ஒரு பள்ளத்தில் இது அமர்ந்திருக்கிறது. குதிரையின் சேணம் போலிருப்பதால் அப்பள்ளத்திற்குத் துருக்கியச் சேணம் என்று பெயர்.

இதன் அண்டை வீட்டார் யார் யார்? மேலே, இரு கண்களின் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடம். கீழே, மெல்லிய எலும்பும் காற்றறையும். இருபுறமும் கேவர்னஸ் சைனஸ் எனப்படும் இரத்தக் குழிகள். அவற்றின் வழியே மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனியும், கண்ணை அசைக்கும் நரம்புகளும் செல்கின்றன. சுரப்பிக்கும் இக்குழிக்கும் இடையே இருப்பது கொலாஜனால் ஆன ஒரு மெல்லிய சவ்வுதான்.

வேலி தாண்டும் கழலை

பிட்யூட்டரிக் கழலைகளில் மிகப் பெரும்பாலானவை உடலின் தொலைவான உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஆயினும், ஏறத்தாழ மூன்றில் ஒன்று தன் எல்லையைக் கடந்து அண்டைத் திசுக்களில் நுழைகிறது. மான்செஸ்டர் நகர அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன் 1940-இல் இத்தகைய கழலைகளைப் பற்றி விரிவாக எழுதினார். கழலை பக்கவாட்டில் எவ்வளவு தூரம் நுழைந்துள்ளது என்பதைக் காந்த அதிர்வுப் படத்தில் பார்த்துத் தரம் பிரிக்கும் முறையை, கினோஸ்ப் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் 1993-இல் வகுத்தனர். பெருந்தமனியே அதற்கு அளவுகோல்.

நொதிகள் செயல்படும் முறை

முதலாவதாக, இந்நொதிகள் உறையிலிட்ட கத்தி போலச் செயலற்ற நிலையில் சுரக்கின்றன. பிளாஸ்மின் போன்ற வேறு நொதிகள் அவ்வுறையை நீக்கிய பின்னரே அவை கூர்மை பெறுகின்றன.

இரண்டாவதாக, கொலாஜனேஸ் முப்புரிக் கயிற்றை ஓரிடத்தில் வெட்டுகிறது. வெட்டுண்ட கயிறு முறுக்கு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த இழைகளை எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 ஆகியவை துண்டு துண்டாக்குகின்றன. உயிரணுக்களின் அடியில் விரிந்திருக்கும் அடித்தளச் சவ்வின் நான்காம் வகைக் கொலாஜனையும் இவ்விரண்டும் சிதைக்கும். சவ்வில் துளை விழுந்ததும் கழலை அணுக்கள் அதன் வழியே நகர்கின்றன.

மூன்றாவதாக, சவ்வும் திசுவும் சிதையும்போது அங்கே பிணைந்து கிடந்த வளர்ச்சிப் பொருள்கள் விடுபடுகின்றன. அவை புதிய இரத்தக் குழாய்களைத் தோற்றுவித்துக் கழலைக்கு உணவு சேர்க்கின்றன.

இவற்றைக் கட்டுப்படுத்த உடலில் ஏற்பாடு இல்லையா? உண்டு. டிம்ப் எனப்படும் புரதங்கள் இந்நொதிகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் செயலை நிறுத்துகின்றன. நொதியும் தடையும் சமநிலையில் இருக்கும்வரை தீங்கில்லை. நொதி மிகுந்து தடை குறையும்போதுதான் வேலி அறுபடுகிறது. எல்லை கடந்த கழலைகளில் எம்.எம்.பி.-9 மிகுந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. ஆகவே நொதி ஒரு முக்கியக் காரணம். அதுவே முழுக் காரணம் அன்று.

அப்படியானால் நொதியை மருந்தால் நிறுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். 1990-களில் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகளைப் பலவகைப் புற்றுநோய்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. மூட்டு வலியும் தசை வலியும் நோயாளிகளை வாட்டின. இம்மருந்துகள் ஒரு நொதியை மட்டும் தேர்ந்து தடுக்காமல், உடலுக்கு வேண்டிய நொதிகளையும் சேர்த்துத் தடுத்ததே இதற்கு ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

நாம் அறிய வேண்டுவது

கழலை சேணத்திற்குள் இருக்கும்வரை, மூக்கின் வழியே கருவி செலுத்தி அதனை அகற்றலாம். பெருந்தமனியைச் சுற்றி வளைத்துவிட்டாலோ, முழுவதும் அகற்றுவது அரிது. எஞ்சிய பகுதி மீண்டும் வளரக்கூடும். அப்போது மருந்தும் கதிர்வீச்சும் துணைபுரிகின்றன. புரோலாக்டின் சுரக்கும் கழலைகளுள் பெரும்பாலானவை காபர்கோலின் போன்ற மாத்திரைகளாலேயே சுருங்கிவிடும் என்பது ஆறுதலான செய்தி.

ஆகவே காலம் தாழ்த்தாமை மிக முக்கியம். பக்கவாட்டில் பார்வை குறைந்து கதவு நிலையில் மோதிக்கொள்ளுதல், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிதல், இமை தொங்குதல், கருவுறாமலே மாதவிலக்கு பல மாதங்கள் நின்றுபோதல், வளர்ந்தவர்க்கு மோதிரமும் காலணியும் வரவர இறுகுதல் ஆகியவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் மூக்குக் கண்ணாடியை மாற்றினால் போதும் என்றும், சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றும் நாளைக் கடத்தக் கூடாது. நம் அன்னையரிடமோ அக்கா தங்கையரிடமோ இவற்றைக் கண்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை. வேலி அறுபடுவதற்கு முன் நோயைக் கண்டுகொண்டால் அதை வெல்வது எளிது.