பின்னால் திறக்கும் விளம்பரம்

கேள்வி: கறிவேப்பிலைச் சாகுபடி பற்றி இணையதளம் நடத்துகிறேன். மருந்துத் தெளிப்பான், சொட்டுநீர்க் குழாய் விற்கும் தளங்களுக்கு நான் தரும் இணைப்புகளில் கமிஷன் வருகிறது. அந்தப் பக்கங்களில் ‘பாப்-அண்டர்’ (படிக்கும் பக்கத்துக்குப் பின்னால் தனியாகத் திறக்கும்) விளம்பரமும் போட்டால் வருமானம் கூடுமா?
- வாசகர், காரமடை

பதில்: முதல் மாதம் கூடியது போலத் தெரியும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் வந்தால் பாப்-அண்டர் 40 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 3,000 ரூபாய்த் தெளிப்பான் ஒன்று விற்றால் 5 சதவீதக் கமிஷன் 150 ரூபாய். ஆயிரத்தில் தெளிப்பான் வாங்கவிருந்த ஒரே ஒருவர் எரிச்சலில் வெளியேறினாலும் உங்களுக்கு 110 ரூபாய் நஷ்டம். வாங்க வந்த விவசாயியை நீங்களே வேறு கடைக்குத் திருப்பிவிடுகிறீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பின்னால் திறக்கும் பக்கத்தில் என்ன வரும் என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது. சூதாட்டச் செயலிகளின் விளம்பரங்களும் இந்த வழியாக நுழையலாம். இணையச் சூதாட்டத்தை விளம்பரப்படுத்துவதையே தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 2025இல் வந்த மத்தியச் சட்டமும் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளின் விளம்பரத்துக்குத் தடை போட்டிருக்கிறது. இதன் முன்னோடியான, பக்கத்தின் முன்னால் திறக்கும் பாப்-அப் விளம்பரத்துக்கு இணையத்தில் முதலில் நிரல் எழுதியவர்களில் ஒருவரான ஈதன் சக்கர்மேன், 2014இல் அதற்காக வெளிப்படையாகவே மன்னிப்புக் கேட்டார்.

அதற்குப் பதிலாக, எந்தத் தெளிப்பான் எத்தனை ஏக்கருக்குத் தாங்கும், உதிரிப்பாகம் மேட்டுப்பாளையத்தில் கிடைக்குமா, கோவைக்குப் போக வேண்டுமா என்று எழுதுங்கள். இணைப்பில் உங்களுக்குக் கமிஷன் உண்டு என்பதையும் பக்கத்தின் மேலேயே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினால், ஒருமுறை வாங்கியவர் அடுத்த பருவத்திலும் உங்களிடமே கேட்பார்.