தனிநாயகம் அடிகளாரும் மேற்கோள் கணக்கும்

பிரிக்பீல்ட்சில் உள்ள கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் நான்காவது நிலையம் ‘யுனிவர்சிட்டி’. மலாயாப் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் மாணவர்கள் அங்கே இறங்குகின்றனர். 1961ஆம் ஆண்டு அப்பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். இலங்கையின் வடபகுதியில் 1913இல் பிறந்த இவரைத் தமிழறிஞர் என்றே பலரும் அறிவர். ஆனால், அவர் முனைவர் பட்டம் பெற்றது கல்வியியல் ஆய்வுக்காகும். இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளராக இருந்த காலத்தில், பழந்தமிழ் இலக்கியத்தில் உள்ள கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றார். பாணரும் புலவரும் பழந்தமிழ்ச் சமுதாயத்தின் ஆசிரியர்களாக எவ்வாறு விளங்கினர் என்பதே அவர் விரும்பி எழுதிய பொருள்களுள் ஒன்று.

ஓர் ஆய்வாளரின் பணியை இன்று உலகம் எப்படி அளக்கிறது? அவர் எழுதிய கட்டுரைகளை முதலில் எண்ணுவர். பிறகு, அக்கட்டுரைகளை மற்ற ஆய்வாளர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று பார்ப்பர். இவ்விரண்டையும் இணைத்து, ஜோர்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியல் அறிஞர் 2005இல் ‘எச் குறியீடு’ என்ற அளவை முன்மொழிந்தார். ஒருவர் 20 கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். அவற்றுள் 6 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 6 முறை மேற்கோள் காட்டப்பட்டு, ஏழாவது கட்டுரை அந்த அளவை எட்டாவிட்டால், அவருடைய எச் குறியீடு 6. ஒரே ஒரு கட்டுரை ஆயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அதனால் மட்டும் இந்த எண் 1ஐத் தாண்டாது. பதவி உயர்வுக்கும் ஆய்வு நிதிக்கும் விண்ணப்பிக்கும் விரிவுரையாளர்கள் இத்தகைய எண்களைக் காட்ட வேண்டியுள்ளது. மலேசிய ஆய்விதழ்களுக்கென ‘மைசைட்’ என்னும் மேற்கோள் குறியீடும் உண்டு.

அடிகளார் எழுதத் தொடங்கியபோது இந்தக் கணக்குகள் எவையும் இல்லை. ஆயினும், மேற்கோள் காட்டப்படாத ஆய்வு காணாமல் போகும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அக்காலத்தில் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் என்றாலே பெரும்பாலும் சமஸ்கிருதம்தான். தமிழில் எவ்வளவு ஆழமாக எழுதினாலும், தமிழ் அறியாத ஆய்வாளர் அதனைப் படிக்க வழியில்லை. எனவே 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். சங்கப் பாடல்களில் இயற்கை இடம்பெறும் முறையை ஆராயும் தம் நூலையும் ஆங்கிலத்திலேயே எழுதினார். தமிழுக்காக உழைத்தவர் ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்று சிலர் கேட்கலாம். அந்த முடிவு இல்லாமல் திணைக் கோட்பாடு தமிழ்நாட்டுக்கு வெளியே இவ்வளவு விரைவாகப் பேசுபொருள் ஆகியிருக்குமா என்பது ஐயமே.

கோலாலம்பூரில் அவர் செய்த பணிகள் இன்னும் வேறுபட்டவை. 1966ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாகத் தமிழியல் நூல்களுக்கான ஒரு வழிகாட்டிப் பட்டியலை வெளியிட்டார். எந்தப் பொருளில் எந்த நூல் உள்ளது என்று தேடி அலையும் மாணவனுக்கு அது பெருந்துணை. கணினித் தேடல் இல்லாத காலத்தில், அட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தொகுத்த உழைப்பு அது. அதே ஆண்டில், 1679இல் அச்சான அந்தாவோ தெ புரொயென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியையும் மறுபதிப்பாகக் கொண்டு வந்தார்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்க ஒரு களமும் தேவைப்பட்டது. 1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழைத்தேயவியல் மாநாடு நடந்தபோது, அங்கு வந்திருந்த அறிஞர்களைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். பிரான்சின் ழான் ஃபிலியோசா அதன் தலைவரானார். செக் அறிஞர் கமில் சுவெலபிலும் அடிகளாரும் செயலாளர்களாயினர். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதனைத் தொடக்கி வைத்தார். அங்கே படிக்கப்பட்ட கட்டுரைகள் பின்னர் இரு தொகுதிகளாக அச்சேறின. அதனால் அவை ஆய்வாளர்களின் அடிக்குறிப்புகளில் இடம்பெற வழி பிறந்தது.

மன்றம் தோன்றிய அதே 1964இல்தான் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் அறிவியல் மேற்கோள் குறியீட்டை வெளியிட்டார். அது அறிவியல் இதழ்களுக்கு உரியது. கலை, மானிடவியல் துறைகளுக்கான குறியீடு 1978இல்தான் வந்தது. அடிகளார் 1980இல் மறைந்தார். ஆகவே, அவர் வாழ்நாளில் பெற்ற மேற்கோள்களை முழுமையாக எண்ணியவர் எவருமில்லை. ஒரு நூற்பட்டியலைப் பயன்படுத்தித் தான் தேடிய நூலைக் கண்டடையும் மாணவன், தன் கட்டுரையில் அந்த நூலைத்தான் குறிப்பிடுவான். பட்டியலைக் குறிப்பிடுவது அரிது. மாநாடு கூட்டியவருக்கும் இதே நிலைதான். அங்கே படிக்கப்பட்ட கட்டுரைக்குக் கிடைக்கும் மேற்கோள் அதை எழுதியவர் கணக்கில் சேரும்.

இன்று இணையத் தேடலில் அடிகளாரின் மேற்கோள்களைத் திரட்ட முயல்பவருக்கு வேறொரு சிக்கலும் காத்திருக்கிறது. ஆங்கில எழுத்தில் அவர் பெயரைச் சிலர் ‘தனி’ என்றும் ‘நாயகம்’ என்றும் இரு சொற்களாகப் பிரித்து எழுதுகின்றனர். சிலர் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுகின்றனர். சில இடங்களில் ‘நாயகம்’ மட்டும் குடும்பப் பெயராகக் கொள்ளப்படுகிறது. தமிழ் எழுத்தில் வந்தவை தனி. கணினிக்கு இவர்கள் அனைவரும் வெவ்வேறு ஆள்கள்.