தினம் ஐந்து நிமிடம் நமக்காக



தியானப் பயிற்சி எடுத்த பலரும் சில நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "உட்கார நேரம் எங்க இருக்கு?" என்கிறார்கள். உண்மைதான். வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் களை எடுக்க ஓடுகிறோம்.

ஆனால் நம் சேமிப்பை நினைத்துப் பாருங்கள். செலவு போக மிச்சம் இருந்தால் கட்டலாம் என்று இருந்திருந்தால் குழு நடந்திருக்குமா? சேமிப்பை முதலில் எடுத்து வைத்தோம். நேரத்தையும் அப்படித்தான் எடுத்து வைக்க வேண்டும்.

கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006), குடும்பத்தில் இருந்துகொண்டே தியானம் செய்யலாம் என்று சொல்லிக்கொடுத்தார். தன் மனைவியின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30-ஐ 'மனைவி நல வேட்பு நாள்' என்று கொண்டாட வைத்தவரும் அவரே.

எப்படிச் செய்வது?

1. தினமும் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்துவிடுங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் செய்யலாம். ராத்திரி பாத்திரம் கழுவி வைத்ததும் செய்யலாம். அடுப்பு எரியும்போது மட்டும் வேண்டாம்.

2. கால் மடக்க முடியாதவர்கள் திண்ணையிலோ நாற்காலியிலோ உட்காரலாம்.

3. மூச்சை அடக்க வேண்டாம். அது இயல்பாக உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனித்தால் போதும். எந்த மதத்தவரும் செய்யலாம்.

4. பால் கணக்கு, கடன் தவணை, நாத்தனார் சொன்ன சொல் எல்லாம் ஞாபகம் வரும். வரட்டும். மனசு போய்விட்டது என்று தெரிந்ததும் மறுபடி மூச்சுக்கு வாங்க. அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி.

5. "அஞ்சு நிமிஷம் என்னைக் கூப்பிடாதீங்க" என்று வீட்டில் சொல்லி வையுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

6. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். இதற்கு அபராதம் கிடையாது!

ஒன்றை மறக்க வேண்டாம். அடி உதையைப் பொறுத்துக்கொள்வதற்காக அல்ல தியானம். வீட்டில் வன்முறை இருந்தால் 181-க்குப் போன் செய்யுங்கள். தூக்கம் வராமல், வாழ்க்கையே வெறுத்துப்போனது போல் இருந்தால் 14416-ல் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். தமிழிலேயே பேசலாம்.

குழுக் கூட்டத்தில் பேச:

• நம் ஒரு நாளில் நமக்கென்று எவ்வளவு நேரம் இருக்கிறது?
• எந்த வேலை முடிந்ததும் உட்காருவது உங்களுக்குச் சௌகரியம்?
• அந்த ஐந்து நிமிடம் வீட்டில் யார் கைகொடுப்பார்கள்?

கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் சேர்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். தனியாகத் தொடங்கத் தயங்குபவர்களுக்கு அதுவே நல்ல தொடக்கம்.