கடைசி வீட்டுக் குழாய்

வீட்டுக்கு வீடு குடிநீர் வழங்குவது இன்று பஞ்சாயத்துக்களின் தலையாய பணிகளுள் ஒன்றாகும். 1992-ஆம் ஆண்டின் 73-வது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துக்களிடம் ஒப்படைக்கத்தக்க பொருள்களின் வரிசையில் குடிநீரையும் சேர்த்தது. 2019 ஆகஸ்டு 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவும் வகுத்தது. குழாய் பதிப்பதற்குப் பணமும் பொறியாளரும் வெளியிலிருந்து வரக்கூடும். பதித்த குழாயில் நாள் தவறாமல் நல்ல தண்ணீர் வரச் செய்வது ஊராரின் பொறுப்பு. அது செவ்வனே நடைபெறுகிறதா என்பதை அறியத் தொட்டியருகில் உள்ள வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்துப் பயனில்லை. தெருக்கோடியில் உள்ள கடைசி வீட்டுக் குழாயையே திறந்து பார்க்க வேண்டும்.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர் தேவை. கடைசி வீட்டில் 15 லிட்டர் கொள்ளும் குடம் மூன்று நிமிடத்தில் நிறைகிறது என வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5 லிட்டர் வருகிறது. ஆகவே அவ்வீட்டுக்கு 55 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். தொட்டியருகே உள்ள வீட்டில் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டினால், 23 நிமிடத்தில் அவர்கள் தேவை தீர்ந்துவிடும். பிறகு வருவதெல்லாம் வாழைக்குப் பாயும், அல்லது சாக்கடைக்குப் போகும். 500 பேர் உள்ள ஊருக்கு நாளொன்றுக்கு 27,500 லிட்டர் வேண்டும். 30,000 லிட்டர் தொட்டியை ஒரு முறை நிரப்பினால் கணக்கு ஏறத்தாழ சரியாக இருக்கும். வீணாவதற்கு அதில் இடமில்லை. தொட்டி காலியானபின் கடைசி வீட்டுப் பெண்கள் குடத்துடன் தோட்டத்துக் கிணற்றை நாடிச் செல்ல வேண்டியதுதான்.

இதற்கு மாற்று, தெருக்களைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனி வால்வு அமைத்து, முறை வைத்து நீர் விடுவதாகும். முன்வரிசை வீடுகளின் இணைப்பில் நீரோட்டத்தை மட்டுப்படுத்தும் வால்வும் பொருத்தலாம். வயலுக்கு முறைத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய விவசாயிகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வால்வினால் தீராத தொல்லை ஒன்று உண்டு. வீட்டு இணைப்பில் மின் மோட்டாரை நேராகப் பொருத்தி உறிஞ்சும் வழக்கமே அது. இதனால் அடுத்த வீட்டாருக்குத் தண்ணீர் குறைவது மட்டுமன்று. குழாயினுள் அழுத்தம் நிறைந்திருக்கும் வரை, விரிசல் இருந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சும்போது அழுத்தம் குன்றி, வெளியிலுள்ள நீர் உள்ளே இழுக்கப்படும். குழாய் சாக்கடையைக் கடந்து செல்லும் இடத்தில் இது நேர்ந்தால் வாந்திபேதியும், டைபாய்டும், மஞ்சட்காமாலையும் அவ்வழியே வீட்டினுள் வரும். மோட்டார் வைத்தவர் வீட்டுக் குழந்தையும் அதே நீரைத்தான் குடிக்கிறது. சாக்கடைக்குள் செல்லும் குழாய்களை எடுத்து மேலே மாற்றிப் பதிக்க வேண்டும். மோட்டார்களை அகற்றுவது குறித்துக் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். ஆனால் அகற்றும் வேலையைப் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் வீடுகளிலிருந்து தொடங்கினாலன்றித் தீர்மானம் காகிதத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது குளோரின். 25 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரை 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் சேர்த்தால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் ஆகும். இதைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே விநியோகிக்க வேண்டும். வாய் திறந்து ஈரத்தில் கிடந்த மூட்டையின் பவுடர் வீரியம் இழந்திருக்கும். அதை அளந்து போட்டும் பலனில்லை. வாடை பிடிக்கவில்லை என்று சிலர் முறையிடுவதும், தொட்டி இயக்குபவர் அவர்களைத் திருப்திப்படுத்த அளவைக் குறைப்பதும் உண்டு. இதற்கு இடங்கொடுக்கலாகாது. கடைசிக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனையில் பயிற்சி அளிக்க ஜல் ஜீவன் இயக்கம் வகை செய்துள்ளது. பரிசோதனைப் பெட்டி அலமாரியில் உறங்காமல் அவர்கள் கையில் இருப்பது நலம்.

மாதம் ஒரு முறை கடைசி வீட்டில் குடம் நிறையும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வரலாம். மூன்று நிமிடம் ஐந்து நிமிடமாகிவிட்டால் புது மோட்டாரோ, அடைப்போ, கசிவோ காரணமாக இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்க, ஓர் இரவு வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடச் சொல்லித் தெரு வால்வுகளை மட்டும் திறந்து வைத்து, ஒரு மணி நேரத்தில் தொட்டியின் நீர்மட்டம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வரவும். எதை அடைத்ததும் மட்டம் நிலைக்கிறதோ, அந்தத் தெருவில் மறுநாள் காலை தோண்டிப் பார்க்கலாம்.