மலைக்குத் திரும்பும் முன்



2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாவால் நாடெங்கும் ஊரடங்கு போட்டார்கள். அப்போதும் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அனுமதி இருந்தது. நம் பெண்கள் கூடையோடு மலைக்குப் போனார்கள். அன்று படித்த பாடத்தை நாம் மறக்கலாமா? அப்படியொரு தொற்று திரும்பவும் வரலாம்.

கொழுந்து எடுக்கும்போது திறந்த வெளியில், ஆளுக்கு ஆள் தள்ளித்தான் நிற்கிறோம். அங்கே ஆபத்து குறைவு. பிரட்டுக்களம், நிறுவை மடுவம், லொறி, பிள்ளைக் காம்பரா – நெருங்கி நிற்கும் இந்த இடங்களில்தான் கவனம் வேண்டும்.

1. நிறுவைக்கு நிற்கும்போது ஒரு மீற்றராவது இடைவெளி விடுவோம். மூக்கும் வாயும் மூடும்படி மாஸ்க் போடுவோம்.

2. தேத்தண்ணிக்கு முன் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கை கழுவுவோம். ஒரே கோப்பையில் பலர் குடிக்க வேண்டாம்.

3. பிள்ளைக் காம்பராவின் ஜன்னல்களைத் திறந்து வைப்போம்.

"இன்னைக்குப் போகலன்னா பேர் போயிருமே" என்று பனடோல் போட்டுக்கொண்டு மலையேறுகிறவர்கள் உண்டு. அடுப்பு எரிய வேண்டுமே, அந்தக் கஷ்டம் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் மாத்திரை காய்ச்சலைத்தான் அடக்கும், தொற்றை நிறுத்தாது. ஒருவர் ஒரு பேருக்காக வந்தால், லயமே படுத்து பத்துப் பேருடைய பேர் போய்விடும்.

காய்ச்சல் என்றால் கங்காணியிடம் சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போவோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் நாள் வரைக்கும் வீட்டில் இருப்போம். அப்படி இருப்பவர் வாசலில் அரிசியும் மாவும் வைத்துவிட்டு வருவது அக்கம்பக்கத்தாரின் கடமை. அந்த உதவி இருந்தால்தான் அவரால் வீட்டில் இருக்க முடியும். நாமும் பயமின்றி மலைக்குப் போகலாம்.