இரவு 11.20-க்கு அனுப்பியது, காலை 4.50 ஆனது எப்படி?

விண்ணப்பிக்கக் கடைசி நாள் 31-ஆம் தேதி. இரவு வேலையெல்லாம் முடித்துவிட்டு, போனிலேயே உதவித்தொகை விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, 11.20-க்கு ‘சமர்ப்பி’ பட்டனை அழுத்துகிறீர்கள். அப்பாடா என்று தூங்கப் போகிறீர்கள். காலையில் ஒப்புகைச் சீட்டைத் திறந்தால், ‘பெறப்பட்ட நேரம்: 1-ஆம் தேதி, காலை 4.50’ என்று இருக்கிறது. கெடு முடிந்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகிவிட்டதாம்!

இது கற்பனை உதாரணம்தான். ஆனா, எந்த ஆன்லைன் சேவையிலும் நடக்கக்கூடியது. இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க. சரியாக ஐந்தரை மணி நேரம். துப்பு அங்கேதான் இருக்கு.

ஐந்தரை மணி நேரக் கணக்கு

உலக நாடுகளின் கடிகாரங்களுக்கெல்லாம் பொதுவான அளவுகோல் யு.டி.சி. என்னும் உலகப் பொது நேரம். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. துபாய் 4 மணி நேரம் முன்னால், சிங்கப்பூர் 8 மணி நேரம் முன்னால். குழப்பம் வேண்டாம் என்பதற்காகப் பல சர்வர்களை யு.டி.சி.யிலேயே ஓட விடுகிறார்கள். நமக்கு இரவு 11.20 ஆகும்போது, அந்த சர்வருக்கு மாலை 5.50.

நடுவில் நிற்கும் டிரைவர்

நீங்கள் பார்க்கும் இணையதளம் ஒரு மென்பொருள். உங்கள் விவரங்கள் சேமிக்கப்படும் இடம் தரவுத்தளம். இரண்டுக்கும் நடுவில் ‘டிரைவர்’ என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. பஸ் ஓட்டுகிற டிரைவர் இல்லீங்க, மொழிபெயர்ப்பாளர் மாதிரி. இந்தப் பக்கம் சொல்வதை அந்தப் பக்கத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது அதன் வேலை.

இணையதளம் ‘31-ஆம் தேதி இரவு 11.20’ என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஊர் 11.20 என்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், டிரைவரோ தரவுத்தளமோ தன் அமைப்பில் உள்ள நேர மண்டலத்தையே எடுத்துக்கொள்ளும். அது யு.டி.சி.யாக இருந்தால், நம்ம 11.20 ‘யு.டி.சி. 11.20’ என்று பதிவாகிவிடும். பிறகு உங்களுக்குக் காட்டும்போது ‘இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டணும்’ என்று கூட்டினால், மறுநாள் காலை 4.50!

பெயரைப் பார்த்து ஏமாறாதீங்க

பரவலாகப் பயன்படும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், ‘நேர மண்டலத்துடன் கூடிய நேரம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு வகை இருக்கிறது. பெயரில் மண்டலம் இருந்தாலும் அதை அது சேமித்து வைப்பதில்லை. வந்த நேரத்தை யு.டி.சி.க்கு மாற்றி வைத்துக்கொள்ளும். திரும்பக் கேட்கும்போது, கேட்பவரின் நேர மண்டலத்துக்கு மாற்றிக் கொடுக்கும். அதனால் ஒரே பதிவை, சென்னை நேரத்தில் உள்ள கணினி இரவு 11.20 என்றும், யு.டி.சி.யில் உள்ள கணினி மாலை 5.50 என்றும் காட்டலாம். இரண்டுமே சரிதான். பக்கத்தில் எந்த நேரம் என்று எழுதாததுதான் தப்பு.

பிறந்த தேதியில் ஒரு நாள் குறையுமா?

குறையலாம். பிறந்த நாளுக்கு மணிக்கணக்கு தேவையே இல்லை. ஆனால் சில மென்பொருள்கள் 15-08-2010 என்பதை ‘அன்று நள்ளிரவு 12 மணி’ என்று எடுத்துக்கொள்ளும். அதை யு.டி.சி.க்கு மாற்றினால் 14-ஆம் தேதி மாலை 6.30. மணியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமித்தால், 14-08-2010. அந்த ஒரு நாள் பள்ளிச் சேர்க்கை வயதிலும், ஆவணங்களை ஒப்பிடும்போதும் தொல்லை கொடுக்கும். தேதியைத் தேதியாக மட்டுமே சேமிப்பதுதான் இதற்குச் சரியான வழி.

நீங்கள் என்ன செய்யலாம்?

• சமர்ப்பித்த உடனே ஒப்புகைச் சீட்டைத் திறந்து, தேதியையும் நேரத்தையும் பாருங்கள். விண்ணப்ப எண்ணுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். போனின் கடிகாரமும் அதில் தெரியட்டும்.

• போனில் தானியங்கி நேர அமைப்பை ‘ஆன்’ செய்து வையுங்கள். போன் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்துக் கெடுவைத் தாண்டிவிட முடியாது. பெறப்பட்ட நேரத்தைப் பெரும்பாலும் சர்வர்தான் பதிவு செய்கிறது.

• இறுதியாகச் சமர்ப்பிக்கும் முன் வரும் முன்னோட்டப் பக்கத்தில், பிறந்த தேதியை இன்னொரு முறை சரிபாருங்கள்.

• நேரம் தவறாக இருந்தால், ‘நேரம் தப்பா இருக்கு’ என்று மட்டும் புகார் எழுதாதீங்க. ‘சரியாக 5 மணி 30 நிமிடம் வித்தியாசம் வருகிறது’ என்று எழுதுங்கள். தொழில்நுட்பக் குழுவுக்கு எங்கே தேடுவது என்று உடனே புரியும்.

• வெளிநாட்டில் இருந்து விண்ணப்பிக்கிறீர்களா? கெடு இந்திய நேரப்படி என்றால், நம்ம இரவு 11.59 துபாயில் இரவு 10.29. சிங்கப்பூரில் மறுநாள் அதிகாலை 2.29.

முடிந்தால் கடைசி நாள் இரவு வரை காத்திருக்காதீங்க. இரண்டு நாள் முன்னாடியே அனுப்பிட்டா, ஐந்தரை மணி நேரம் இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் உங்கள் விண்ணப்பம் கெடுவுக்குள்தான் இருக்கும்.